கவிழ்ந்து கிடந்த செருப்பு

கோவில்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் செருப்பு அலமாரி ஒன்று இருந்தது. அதன் நடுத்தட்டில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ குடியிருந்தது. வலதுகால் ஷூவின் பெயர் வலத்தி. இடதுகால் ஷூவின் பெயர் இடத்தி. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த அக்கா தங்கைகள். யார் அக்கா, யார் தங்கை என்பதுதான் இன்றுவரை தீராத வழக்கு.

"பெட்டியத் திறந்ததும் முதல்ல கையில எடுத்தது என்னைத்தான்," என்பாள் வலத்தி.

"எடுத்தாக, சரி. முதல்ல காலை விட்டது எனக்குள்ளதான்," என்பாள் இடத்தி.

காலணிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு மனிதர் காதில் விழாது. முழு பலத்தையும் கூட்டினால் ஒரு விரற்கடை நகர முடியும், அவ்வளவுதான். மற்றபடி எங்கே போவது, எதை மிதிப்பது, எங்கே கழன்று கிடப்பது என்பதெல்லாம் காலுக்குச் சொந்தக்காரர் பாடு.

இவர்களுக்குச் சொந்தக்காரி செண்பகவல்லி. ஊரிலிருந்து தள்ளி ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வரும். சம்பளத்தில் ஒரு கார் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு முன்னால் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள்.

முதல் நாள் குதி உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் அந்தச் செருப்பு மேல்தட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள் இடத்தி.

"ஆகுறதுக்கு என்ன இருக்கு? குதியை ஊனினா விரலுக்குப் பெடல் எட்டல. விரலை எட்ட வச்சா குதி போய் விரிப்புல மாட்டிக்கிது. வண்டி தவளை மாதிரி தாவித் தாவிப் போச்சு. எனக்குக் கல்யாண வீடு போதும்மா. ஆளை விடுங்க."

மறுநாள் அடிப்பாகம் தடித்த ஓட்டப் பயிற்சி ஷூ போயிற்று. திரும்பி வந்ததும் அதுவும் மூச்சு வாங்கியது.

"மிதிச்சேன். ஆனா என்னத்த மிதிச்சேன்னு எனக்கே தெரியல. என் அடி மெத்தை மாதிரி. கீழ என்ன நடக்குன்னு மேல தெரியாது. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒட்டி ஒட்டிக் குடியிருக்காக. நான் கொஞ்சம் அகலம். ரெண்டு வீட்டுக் கதவையும் ஒரே நேரத்துல இடிச்சிட்டேன்."

மூன்றாம் நாள் வலத்திக்கும் இடத்திக்கும் அழைப்பு வந்தது. மெல்லிய அடிப்பாகம், தட்டைக் குதி, குதிகாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் துணி. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு அவசரத்தில் வாங்கிய சாதாரண ஷூ. தொங்கிக்கொண்டிருந்த லேஸ் வாரை செண்பகவல்லி இறுக்கிக் கட்டி, நுனியை உள்ளே செருகிக்கொண்டாள்.

வலத்தி முதன்முதலாக பிரேக்கைத் தொட்டபோது, "யாரது?" என்று ஒரு குரல் கேட்டது.

"நான்தான். வலத்தி."

"இதுக்கு முன்னாடி வந்தவக யாரும் பேர் சொல்லல. எல்லாரும் கதவை உடைச்சாக. நீ தட்டுதே," என்றது பிரேக். "நான் அவ்வளவு முரடன் இல்ல தெரியுமா? மெல்லச் சொன்னா மெல்ல நிப்பேன். பட்டுனு சொன்னா பட்டுனு நிப்பேன். சொல்லுறது தெளிவா இருக்கணும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வலத்திக்கு அந்த வேலையின் மேல் ஒரு பித்து. பாதம் நினைப்பது அவள் வழியாகப் பெடலுக்குப் போகும். பெடல் சொல்வது அவள் வழியாகப் பாதத்துக்கு வரும். இருவருக்கும் நடுவில் இருந்து எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் அவள் தொழில். இடத்திக்கோ கிளட்ச். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளட்சைப் பாதியில் பிடித்து நிறுத்தத் தெரிந்துகொண்ட அன்று, அலமாரியில் அவள் அலட்டல் தாங்க முடியவில்லை.

உரிமம் கிடைத்தது. காரும் வந்தது. வெள்ளை நிறத்தில், சின்னதாக, செண்பகவல்லி பெயரில். கடையிலிருந்து கோயில் வரை ஓட்டி வந்ததிலேயே வலத்தி அதன் பிரேக்கோடும் சிநேகமாகிவிட்டாள்.

கோயில் வாசலில் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்பக்கத்து பம்பரில் ஒரு எலுமிச்சையையும் மிளகாய்களையும் கோத்துத் தொங்கவிட்டார்கள். தொங்கிய எலுமிச்சைக்குத் தலைகால் புரியவில்லை. "இனி இந்த வண்டிக்கு என்ன வந்தாலும் முதல்ல என்னைத் தாண்டித்தான் வரணும்," என்று மிளகாய்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி ஓட்டுநர் இருக்கையில் ஏறப்போனாள். மாமனார் குருசாமி கையை நீட்டித் தடுத்தார்.

"தாயி, ஷூவக் கழட்டு. வண்டிக்குள்ள யாரும் செருப்புக் காலோட ஏறக்கூடாது."

"ஓட்டுறவளுமா மாமா?"

"ஓட்டுறவதான் முதல்ல."

குருசாமி தீப்பெட்டித் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசியதை மாற்றவும் மாட்டார். அவர் கழற்றிய செருப்பு ஏற்கெனவே ஓரமாக ஒழுங்காகக் கிடந்தது. மாமியார் பேச்சியம்மாளும், கணவன் இசக்கிமுத்துவும், கூட வந்திருந்த சொந்தக்காரர்களும் கழற்றிவிட்டார்கள். இத்தனை பேர் நடுவில், நல்ல நாளில், எதற்கு வாதாடுவது என்று செண்பகவல்லி வாரை அவிழ்த்தாள். வாதாட வேண்டியதை அன்று வாதாடாமல் விட்டாள். அதற்கே அவள் நிறையப் பட வேண்டியிருந்தது.

வலத்தியையும் இடத்தியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு டிக்கிக்குள் தள்ளினார்கள்.

உள்ளே கும்மிருட்டு. "வாங்க, வாங்க," என்று ஒரு கனத்த குரல் வரவேற்றது. அது ஸ்டெப்னி டயர். "நானும் கூடப்பிறந்த நாலு பேரோட வந்தவன்தான். அவுக ரோட்டப் பாக்காக. நான் இருட்டப் பாக்கேன்."

"நாங்க ஓட்டப் பழகினவக மாமா," என்றாள் வலத்தி. "எங்களை எதுக்கு இங்க போட்டாக?"

"மரியாதைக்காமே. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எங்களை ஒதுக்குறது யாருக்கு மரியாதை?"

"அதை என்கிட்டக் கேக்கே. பஞ்சர் ஆகுற வரைக்கும் நானே யாருக்கும் ஞாபகம் வரமாட்டேன்."

செண்பகவல்லி வெறுங்காலோடு ஓட்டினாள். வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள். ஏறி உட்கார்ந்து, அதை உதறி, குதிகாலால் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அலமாரியில் எல்லோரும் ரப்பரக்கா என்று கூப்பிடும் செருப்பு அது. கடைக்கு, குப்பைக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று எந்நேரமும் சளக் சளக்கென்று போய் வரும் கலகலப்பான பிறவி. யார் காலையும் இறுக்கிப் பிடிக்காது. பிடிக்கவும் தெரியாது.

பிரேக்கின் புலம்பல் வண்டியின் தகடு வழியாக டிக்கிக்கு வந்து சேரும்.

"வெயில்ல நிறுத்தின வண்டி, வலத்தி. வெறும் பாதம் என்மேல பட்டதும் சூடு தாங்காம எடுத்துருது. பிறகு நுனி விரலால தொடுது. நுனி விரலுக்கு என்ன பலம் இருக்கு? போதாக்குறைக்கு வேர்த்து வழுக்குது. எனக்குப் பயமா இருக்கு."

"பாதத்தைத் திட்டாதே," என்பாள் வலத்தி. "அவளுக்கு ஓட்டத் தெரியும்."

"அவளை யார் திட்டுனா? எனக்கு நீ வேணுங்கேன்."

குலதெய்வக் கோயிலில் ஒரு காதுகுத்து. குடும்பமே காரில் கிளம்பியது. ஆளுக்கு ஒரு ஜோடியைக் கழற்றிக் காலடியில் போட்டிருந்தார்கள். உள்ளே தரையெல்லாம் செருப்பு. ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கலில் ரப்பரக்கா ஜோடியில் வலதுகால்காரி இருக்கைக்கு அடியிலிருந்து வழுக்கி, குப்புறப் புரண்டு, நேரே பிரேக்குக்குக் கீழே போய்ப் படுத்தாள்.

கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ நின்றது. செண்பகவல்லி பிரேக்கை மிதித்தாள்.

பிரேக் இறங்கவில்லை.

"வழி விடு, ரப்பரக்கா," என்று அலறியது பிரேக்.

"நகர முடியலடா, மாட்டிக்கிட்டேன்," என்று அவள் கத்தியதும் டிக்கி வரைக்கும் கேட்டது. வலத்தி பையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட நினைத்தாள். ஒரு விரற்கடைதான் நகர்ந்தாள்.

செண்பகவல்லி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி தேய்ந்துகொண்டே போய், சரக்கு ஆட்டோவின் முதுகில் மெதுவாக முட்டி நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பம்பர் மட்டும் நசுங்கியது. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பேன் என்ற எலுமிச்சை, சொன்ன வாக்கைக் காப்பாற்றிச் சாறாக வழிந்தது.

சரக்கு ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "ஏக்கா, பெடலு எங்க இருக்குன்னு சொல்லிக் குடுத்தாகளா, இல்லையா?"

எல்லோரும் அவசரமாகக் கதவைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். செண்பகவல்லி காலைத் தூக்கியதும் ரப்பரக்கா விடுபட்டு உருண்டாள். அவளையும் மாட்டிக்கொண்டுதான் செண்பகவல்லி இறங்கினாள். பெடலுக்குக் கீழே என்ன கிடந்தது என்று யாருமே பார்க்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் பேச்சியம்மாள். "பொம்பளைக்கு வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை போதாதா?"

"பிரேக்குக்குப் பதிலா வேற எதையோ மிதிச்சிருப்பே," என்றான் இசக்கிமுத்து. கோபமாகச் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னான். அதுதான் செண்பகவல்லிக்குக் கூடுதலாக வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் குருசாமி கார் சாவியைக் கொண்டுபோய்ச் சாமி ஷெல்ஃபில், விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்தார். "கொஞ்ச காலம் போகட்டும்," என்றார். அந்தக் கொஞ்ச காலம் எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. பம்பர் சரியாகி வந்தது. இசக்கிமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினான். செண்பகவல்லி பழையபடி விடிகாலையில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாள். அறிவியல் படித்தவள்தான். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக அவளே நம்பத் தொடங்கிவிட்டாள், தப்பு தன் காலுடையதுதான் என்று.

டிக்கியைத் துடைத்தபோது பை வெளியே வந்தது. கான்வாஸ் ஷூக்கள் பழையபடி நடுத்தட்டுக்கு வந்தன. ஒருநாள் பேச்சியம்மாள் அவற்றைப் பார்த்து, "இது இனி எதுக்கு? பழைய சாமான்காரன் வந்தா போட்டுருவோம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"கேட்டியா?" என்றாள் இடத்தி. "நம்ம கதை முடிஞ்சிட்டு."

வலத்தி கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே ரப்பரக்கா சத்தமில்லாமல் கிடந்தாள். அன்றிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. சளக் சளக்கென்ற நடைகூட மாறிப்போயிருந்தது.

"ரப்பரக்கா, நீ செஞ்ச காரியத்துக்கு அவ பழி சுமக்கா. தெரியுதா?"

"தெரியுது."

"சாவி சாமிகிட்ட இருக்கு. அவ பஸ்ஸுக்கு ஓடுதா. உனக்கு வாய் திறக்க முடியல."

"திறந்தா மட்டும் யார் காதுல விழப்போகுது?" ரப்பரக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானாப் போய் அங்க படுத்தேனா? நான் வாசலுக்கும் கடைக்கும் பிறந்தவ. என்னைக் கழட்டி ஓடுற வண்டிக்குள்ள போட்டா நான் உருளத்தான் செய்வேன். உன்னை மாதிரி கட்டுற வாரு இருக்கா எனக்கு, குதியைப் பிடிச்சுக்கிட? நான் கெட்டவ இல்லடி. எனக்குப் பொருந்தாத இடத்துல கிடந்தேன். அவ்வளவுதான்."

வலத்தி குரலை இறக்கினாள். "சரிதான். உன்னைச் சொன்னது தப்பு. ஆனா அக்கா, அன்னைக்கு பிரேக்கு உன்மேல அழுத்துச்சே. வலிச்சிருக்குமே."

"வலிக்காம? அடியில ஒரு வெட்டு விழுந்திருக்கு. கறுப்பா கிரீஸும் அப்பிக்கிட்டு. நடக்கும்போது இன்னும் குத்துது."

"அடியிலயா?"

"அடியிலதான். யார் பாக்கப்போறா?"

வலத்தியும் இடத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நினைப்பு. சொல்லத்தான் தயக்கம். கடைசியில் இடத்தி சொன்னாள்.

"அக்கா, நீ கவிழ்ந்து கிடக்கணும்."

ரப்பரக்கா அதிர்ந்துபோனாள். ஒரு செருப்புக்கு அதைவிட அவமானம் கிடையாது. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். கவிழ்ந்த செருப்பைப் பார்க்கிறவர்கள் முதலில் அதைத் திட்டுவார்கள். அப்புறம்தான் திருப்பிப் போடுவார்கள்.

"பேச்சியம்மா பாத்தா என்னைத் தூக்கி ரோட்டுல எறிவா."

"எறியலாம்," என்றாள் வலத்தி. "நான் பொய் சொல்லல. ஆனா செண்பகம் பாத்தா உன் அடியப் பாப்பா."

"வீட்ல சண்டை வருமேடி."

"வரட்டும்கா. ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு நாம சமாதானம்னு பேர் வச்சிருக்கோம். வர வேண்டிய சண்டை வராம இருக்கிறதுதான் இந்த வீட்டுக்கு இப்ப பிடிச்ச நோய்."

ரப்பரக்கா வெகுநேரம் யோசித்தாள். அப்புறம், "தள்ளுங்க," என்றாள்.

இடத்தி தன் வாரின் நுனியைக் கீழ்த்தட்டுக்குத் தொங்கவிட்டாள். ரப்பரக்கா ஒரு விரற்கடை நகர்ந்து தட்டின் விளிம்புக்கு வந்தாள். வாரின் நுனி அவள் குதியில் பட்டது. தொப்பென்று விழுந்தாள். விழுந்தவள் வாசல் நடையின் நடுவில், அடிப்பாகம் வானத்தைப் பார்க்க, கவிழ்ந்து கிடந்தாள்.

முதலில் வந்தது பேச்சியம்மாள்தான். மூவருக்கும் மூச்சு நின்றது.

"ஏ செண்பகம். உன் செருப்பு கவிழ்ந்து கிடக்கு பாரு. வீட்ல சண்டை வந்து சேரும். வந்து நிமித்திப் போடு."

அடுத்தவள் செருப்பைக் கையால் தொட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த அருவருப்புக்கு வலத்தி அன்று மனதார நன்றி சொன்னாள்.

செண்பகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குனிந்தாள். செருப்பை எடுத்தாள். திருப்பப்போன கை நின்றது.

குதிகால் பக்கத்தில் ஒரு வெட்டு. நேரான கோடு, ஒரு முனையில் மடங்கி. அதைச் சுற்றிக் கறுப்பு கிரீஸ். ரோட்டில் நடந்து வந்த வெட்டு இல்லை அது. கல் குத்தினால் இப்படி நேராக இருக்காது. ரோட்டில் எங்கே கிரீஸ்? அவள் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பேச்சியம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏ, என்ன செய்யுதே?"

ரயில்வே கேட், வேகத்தடை, இறங்காத பிரேக் எல்லாம் செண்பகவல்லியின் கண் முன்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. செருப்பைக் கையில் பிடித்தபடி நேரே வீட்டுக்குள் நடந்தாள்.

"செருப்ப எடுத்துக்கிட்டு நடு வீட்டுக்குள்ள போறாளே," என்று பேச்சியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. அலமாரியிலிருந்து எல்லாம் தெரிந்தது. குருசாமி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லி அந்தப் பேப்பரில் ஒரு தாளை உருவித் தரையில் விரித்து, அதன்மேல் ரப்பரக்காவைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாமா, அன்னைக்கு நான் தப்பா மிதிக்கல. பிரேக்கத்தான் மிதிச்சேன். இது அதுக்கு அடியில கிடந்திருக்கு."

"முதல்ல அதை வெளியில போடு தாயி."

"போடுதேன். நீங்க பாத்ததும் போடுதேன்."

"செருப்பக் காட்டி நியாயம் கேக்கியா?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஆமா அத்தை. எனக்கு வேற சாட்சி இல்ல."

உள்ளறையிலிருந்து இசக்கிமுத்து வந்துவிட்டான். "செண்பகம், முடிஞ்சுபோன விஷயத்த எதுக்கு..."

"உங்களுக்கு முடிஞ்சிட்டு. நான் நாளைக்கும் பஸ்ஸுக்கு ஓடணும்." அவள் குரல் உயரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. "வண்டி என் பேர்ல இருக்கு. சாவி சாமிகிட்ட இருக்கு. தப்பு என் கால்ல இருக்குன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. நானும் ஒத்துக்கிட்டேன். ஒருத்தராவது குனிஞ்சு பாத்தோமா? நானே பாக்கல. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுனதுதான் தப்பு மாமா. காலோட இருக்க வேண்டியது தரையில உருண்டுச்சு."

குருசாமி பேப்பரை மடித்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"தாயி, நான் மருந்து அறையில வேலை பாத்தவன். தீக்குச்சிக்கு மருந்து கலக்குற இடம். செருப்போட உள்ள போனா, அதுல ஒரு ஆணி உரசினாப் போதும். எல்லாரும் சாம்பல். வாசல்ல செருப்ப விட்டுட்டுத்தான் உள்ள போவேன். அவசரத்துல ஒருத்தன் அப்படியே ஓடினான். அவனை நாங்க பாயில சுத்தித்தான் கொண்டு வந்தோம். வெறுங்காலா நடந்ததாலதான் இன்னைக்கு உன் முன்னாடி உக்காந்திருக்கேன். செருப்பக் கழட்டுறது எனக்குச் சாமி கும்பிடுற மாதிரி. அதைத் தப்புங்கியா?"

இதை அவர் இதுவரை யாரிடமும் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. அலமாரியில் வலத்தியும் தலைகுனிந்தாள். இத்தனை நாள் தங்களை ஒதுக்கியது வீம்பு என்றே அவள் நினைத்திருந்தாள்.

செண்பகவல்லி தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அதைத் தப்புங்க மாட்டேன் மாமா. உங்களைக் காப்பாத்திக் குடுத்த வழக்கம் எனக்கும் பெரிசுதான். ஆனா அங்க கழட்டுனது சாமிக்காக இல்லையே. மருந்துக்காக. அந்த இடம் கழட்டச் சொல்லுச்சு, கழட்டுனீங்க. இந்த இடம் மாட்டச் சொல்லுது. இடம் சொல்லுறதைக் கேக்குறதுதானே நீங்க செஞ்சது? அதைத்தான் நானும் செய்யணுங்கேன்."

"சொல்லிட்டே. நிரூபி."

"வாங்க."

கார் வாசலுக்கு நேரே நின்றது. செண்பகவல்லி கதவைத் திறந்து இசக்கிமுத்துவை உட்காரச் சொன்னாள். பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். இறங்கியது. பிறகு ரப்பரக்காவைக் கவிழ்த்து, பெடலுக்குக் கீழே தள்ளினாள்.

"இப்ப மிதிங்க."

அவன் மிதித்தான். மறுபடி மிதித்தான். இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தான். "இறங்கலப்பா," என்றான். அவன் முகம் வெளிறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் அப்படித்தான் செருப்பைக் கழற்றிக் காலடியில் போட்டு ஓட்டினான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

குருசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பெடலைத் தாங்கும் கம்பியின் விளிம்பும் ரப்பரக்காவின் வெட்டும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின.

"இப்பவாவது பாத்தீகளே அய்யா," என்றது பிரேக். அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்போ உன் கால்ல தப்பு இல்ல."

"இல்ல மாமா."

"கழட்டச் சொன்னது நான்தான்."

"ஆமா மாமா. நீங்கதான்."

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாரிடம் இப்படியா பட்டென்று சொல்வது? குருசாமி உள்ளே போனார். கையைக் கழுவினார். விபூதித் தட்டுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து வந்து மருமகள் கையில் வைத்தார்.

"அந்தத் துணி ஷூ எங்க?" என்று கேட்டார்.

நடுத்தட்டில் இடத்தி அழுதுவிட்டாள். "சும்மா இரு, துணி நனையும்," என்றாள் வலத்தி, தானும் அழுதுகொண்டே.

மறுநாள் காலை செண்பகவல்லி வாரை இறுக்கிக் கட்டி, நுனியைச் செருகி, காரில் உட்கார்ந்தாள்.

"யாரது?" என்று கேட்டது பிரேக், தெரிந்துகொண்டே.

"கிண்டலா?" என்றாள் வலத்தி. மெல்லத் தட்டினாள். மெல்லத் திறந்தது.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். குருசாமி கிண்ணத்தோடு ஓட்டுநர் பக்கம் வந்தார். அன்று போலவே மண்டியிட்டு, தலையை நுழைத்து, பிரேக்குக்கு ஒரு பொட்டு வைத்தார். அதற்கு முன் எந்தப் பூஜையிலும் பிரேக்குக்குப் பொட்டு வைத்து யாரும் பார்த்ததில்லை.

வெளியே வந்த குருசாமி, செண்பகவல்லியின் காலில் இருந்த ஷூக்களைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். விரல் சந்தனத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"தாயி, எனக்கு இதுக்குக் கை வரல. வயசுல பழகினது," என்றார். கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "நீ வை. வச்சாகணும். உன்னைப் பத்திரமா கொண்டுபோய்க் கொண்டு வருதுல்ல."

வைக்க முடியாத அவர் கையை வலத்தி பார்த்தாள். மருந்து அறையிலிருந்து உயிரோடு திரும்பி வந்த கை. அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. நீட்டியதே பெரிது என்று பட்டது.

செண்பகவல்லி குனிந்து இரண்டு ஷூவின் நுனியிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் தீட்டினாள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்தவர்கள் செருப்பைப் போட்டபடியே இருந்தார்கள். அவள் காலடியில் தரை சுத்தமாக, வெறுமையாக இருந்தது. சக்கரத்துக்கு அடியில் இருந்த எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

ஊரைச் சுற்றி வந்து சேர்ந்ததும் செண்பகவல்லி ஷூவைக் கழற்றினாள். அலமாரியில் வைக்காமல் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டு ஷூவுக்கும் நடுவில் ரப்பரக்கா கிடந்தாள்.

"அழகா இருக்குடி பொட்டு," என்றாள் ரப்பரக்கா. பொறாமை இல்லை. ஆனாலும் குரலில் என்னவோ இருந்தது. "எனக்கெல்லாம் யாரு வைப்பா? நான்தான முட்ட வச்சவ."

"நீதான் கவிழ்ந்தவளும்," என்றாள் வலத்தி.

அவள் முழு பலத்தையும் கூட்டினாள். ஒரு விரற்கடை நகர்ந்தாள். அவள் நுனி ரப்பரக்காவின் நெற்றியில் பட்டது. காயாத சந்தனத்தில் பாதி அங்கே ஒட்டிக்கொண்டது. மறுபக்கத்திலிருந்து இடத்தியும் நகர்ந்து தன் பங்குக்குக் கொஞ்சம் ஒட்டினாள்.

"இப்ப சொல்லுங்க அக்கா," என்றாள் இடத்தி. "எங்க ரெண்டு பேர்ல யாரு மூத்தவ?"

"ஆரம்பிச்சிட்டீகளா," என்று சிரித்தாள் ரப்பரக்கா.

பேச்சியம்மாள் வாசலுக்கு வந்தாள். ரப்பர் செருப்பில் சந்தனம் எப்படி வந்தது என்று ஒரு கணம் பார்த்தாள். அது நிமிர்ந்துதான் கிடந்தது. ஆனாலும் அவள் குனிந்து, முதன்முறையாகக் கையாலேயே தொட்டு, இன்னும் கொஞ்சம் நேராக வைத்துவிட்டுப் போனாள்.